பட்டனுக்கும் பெட்டிக்கும் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் நிரல்களின் திரையை வடிவமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு பட்டனை இழுத்துப் போட்டதும் 'பட்டன்1' என்று தானாகவே ஒரு பெயர் வந்துவிடும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அதை அப்படியே விடுவதுதான் முதல் தவறு. டபுள் கிளிக் செய்தால் 'பட்டன்1_கிளிக்' என்ற ஃபங்ஷனும் (பட்டனை அழுத்தும்போது ஓடும் நிரல் பகுதி) உருவாகிவிடும். பிறகு பட்டனுக்கு வேறு பெயர் வைத்தாலும் ஃபங்ஷன் பழைய பெயரிலேயே நின்றுவிடலாம். ஆறு மாதம் கழித்து அந்த நிரலைத் திறப்பவருக்கு, 'பட்டன்7_கிளிக்' சேமிக்கிறதா அழிக்கிறதா என்று உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும். அதனால் முதலில் பெயர், பிறகு டபுள் கிளிக்.

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது, தோற்றத்தை வைத்துப் பெயர் சூட்டுவது. 'சிவப்பு பட்டன்', 'இடது மெனு' என்றெல்லாம் வைப்பார்கள். வடிவமைப்பு மாறினால் சிவப்பு நீலமாகிவிடும். மொபைல் திரையில் இடது மெனு மேலே ஏறிவிடும். பெயர் மட்டும் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'டெலீட் பட்டன்' எந்த நிறத்திலும் டெலீட் பட்டன்தான்.

வகையைச் சொல்ல 'பிடிஎன்' (பட்டன்), 'டிஎக்ஸ்டி' (எழுத்துப் பெட்டி) என்று முன்னொட்டு போடுவது விஷுவல் பேசிக் காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம். அது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே திரையில் ஒன்றுக்கு முன்னொட்டு, இன்னொன்றுக்குப் பின்னொட்டு, மூன்றாவதற்கு எதுவுமே இல்லை என்றால் தேடும்போது பாதி சிக்காது. குழுவாக ஒரு முறையை முடிவு செய்து, அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலையையே கெடுக்கும் பெயர்களும் உண்டு. எச்டிஎம்எல் ஃபார்முக்குள் ஒரு பட்டனின் நேம் பண்பில் 'சப்மிட்' என்று எழுதினால், ஃபார்மின் சப்மிட் ஃபங்ஷனை அந்தப் பட்டன் மறைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதை அழைத்தால், அது ஃபங்ஷனே இல்லை என்று பிழை வரும். பெயர்தான் காரணம் என்று சட்டென்று யாருக்கும் தோன்றாது. விளம்பரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டிக்கு 'ஆட்-பேனர்' என்று கிளாஸ் (எச்டிஎம்எல் உறுப்பை வகைப்படுத்தும் பெயர்) வைத்தாலும் சிக்கல்தான். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களின் திரையில் அது காணாமல் போகலாம். தடுப்பான் இல்லாத உங்கள் கணினியில் நன்றாகவே தெரியும்.

திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட்டில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காம்போனென்ட்டின், அதாவது நீங்களே உருவாக்கும் திரை உறுப்பின், பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்கினால், ரியாக்ட் அதைச் சாதாரண எச்டிஎம்எல் டேக் என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய காம்போனென்ட் ஓடவே ஓடாது.