வீட்டில் கஷ்டம் வந்தாலும் தியானம் விட்டுப்போகாமல் இருக்க: எனக்குச் சரிப்பட்ட வழி

கண்ணை மூடி உட்காரத் தெரியும், மூச்சைக் கவனிக்கவும் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் முதலில் நின்றுபோவது தியானம்தான். இந்தப் பதிவு அப்படிப்பட்டவர்களுக்கு. அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டே எனக்கு நானே சரிசெய்துகொண்ட முறை இது.

படி 1: நேரத்தைக் குறையுங்கள்

வழக்கமாக 20 நிமிடம் உட்காருவீர்களா? அதை 3 நிமிடம் ஆக்குங்கள். இருப்பதிலேயே மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அதுதான் கணக்கு. கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை உட்காரலாம். நேற்று விட்டதை இன்று சேர்த்துச் செய்யும் வேலை வேண்டாம், அது வட்டிக்கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

படி 2: இடம்

பிளாஸ்டிக் நாற்காலி போதும். பத்மாசனம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். நம் ஊர்க்காரர்களுக்குத் தியானம் என்றாலே கன்னியாகுமரியில் கடல் நடுவில் இருக்கும் பாறைதான் ஞாபகம் வரும். விவேகானந்தர் 1892 டிசம்பர் கடைசியில் அங்கே மூன்று நாள் இருந்தார். அங்குள்ள தியான மண்டபத்துக்கு நானும் போயிருக்கிறேன், அருமையான அமைதி. ஆனால் படகுக்கு வரிசையில் நின்று போய்வருகிற இடத்தை நம்பி தினசரிப் பழக்கத்தை வைத்துக்கொள்ள முடியாது.

படி 3: மூச்சில் ஆரம்பிக்காதீர்கள்

என்னை ரொம்ப நாள் மடக்கிப் போட்ட இடம் இதுதான். மனசு பதறிக் கிடக்கும்போது மூச்சைக் கவனித்தால் அது தானாக ஓடாது, நாம் இழுக்க ஆரம்பிப்போம். நெஞ்சு இறுகும். 'நமக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ' என்று பயம் கூடும். நிறைய பேர் எழுந்துவிடுவது இந்த இடத்தில்தான்.

அதனால் கண்ணை மூட வேண்டாம், பார்வையை மட்டும் தரையில் இறக்குங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் பதியுங்கள். குதிகால் எங்கே அழுந்துகிறது, பெருவிரல் தரையைத் தொடுகிறதா, எங்கே சில்லென்று இருக்கிறது என்று பைய பாருங்கள். அடுத்து காது. மருத்துவமனை வராந்தா என்றால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும், யாரோ தூக்குவாளியைத் திறப்பார்கள், லிஃப்ட் கதவு சாத்தும். நல்ல சத்தம், கெட்ட சத்தம் என்று பிரிக்காமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இதெல்லாம் கொஞ்சம் அடங்கின பிறகு மூச்சுக்கு வாருங்கள். அதிலும் வெளியே விடும் மூச்சை மட்டும். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது குறையும். அதனால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நடுவில் அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

படி 4: எதை வைத்து அளப்பது

செயலி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அதைத் திறக்கும்போதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'டாக்டர் என்ன சொன்னாரு?' என்று வந்து நிற்கும். நான் பயன்படுத்துவது 27 மணி உள்ள சின்ன ருத்திராட்ச மாலை. ஒரு மூச்சுக்கு ஒரு மணி. மூச்சு ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தால் ஒரு சுற்று நாலரை நிமிடம். சட்டைப் பையில் கிடக்கும், சார்ஜ் போட வேண்டாம்.

கருங்கலில் இருந்து ஒரு அக்கா ஜெபமாலையை வைத்து எண்ணலாமா என்று கேட்டிருந்தார்கள். அதில் 'அருள்நிறை மரியே' ஜெபத்துக்கு உள்ள 53 மணிகளுக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஆகும், ஆரம்பத்தில் ஒரு பத்து மணியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜெபத்துக்கு உள்ளதை இதற்கு எடுக்க மனசு ஒப்பவில்லை என்றால், பத்து புளியங்கொட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாலும் கணக்கு வந்துவிடும்.

பின்சேர்க்கை 1: உட்கார்ந்தாலே பழைய பயங்கரம் ஏதாவது கண்முன் வருகிறது, வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படி என்றால் இதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பின்சேர்க்கை 2: குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவர், "பிரம்ம முகூர்த்தத்துல உக்காருன்னு எல்லாரும் சொல்லுதாவ, எனக்கு அப்பதான் வேலையே" என்றார். நியாயம்தான், வெயில் ஏறினால் பால் நன்றாக ஓடாது. வெட்டி முடித்ததும் சிரட்டையில் பால் வடியக் காத்திருக்கும் நேரத்தில் உட்காரச் சொன்னேன். கொசு கடிக்குமே என்று நானே இழுத்தேன். "அது கெடக்கட்டும் தம்பி, இடுப்புல கொசுவர்த்தி கட்டிக்கிட்டுதான் வெட்டவே போவோம்" என்று சொல்லிவிட்டார்.