இங்கிலாந்துக் கிராமத்தின் பெயருக்கு வேர் தேடுவது எப்படி?

முதல் விஷயம், ஊர்ப்பலகையில் இன்று இருக்கும் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிராண்ட்செஸ்டர் என்று ஒரு கிராமம். மான்செஸ்டர், வின்செஸ்டர் மாதிரியே முடிகிறதே, அப்படியானால் இதுவும் பழைய ரோமானியக் கோட்டை இருந்த இடம்தான் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 1086-ஆம் ஆண்டு டூம்ஸ்டே பதிவேட்டில் (இங்கிலாந்து அரசர் எடுத்த நிலக் கணக்கெடுப்பு) இந்த ஊர் 'கிராண்டசேட்டா'. பின்பாதிக்குப் பழைய ஆங்கிலத்தில் குடியேறியவர்கள் என்று பொருள். கிராண்டா ஆற்றங்கரையில் குடியேறியவர்கள், அவ்வளவுதான். 'செஸ்டர்' பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

அதனால் பொருள் தேடுவதற்கு முன் பழைய வடிவங்களைச் சேகரியுங்கள். ஆண்டு, எழுத்துக்கூட்டல், எந்த ஆவணம் என்று மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள், ஆண்டு இல்லாத வடிவத்தால் பிரயோஜனம் இல்லை. 1923-இல் தொடங்கிய ஆங்கில இடப்பெயர்ச் சங்கம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாகப் போட்ட தொகுதிகளில் இது வரிசையாகவே கிடைக்கும். பொருள் மட்டும் போதும் என்றால் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அப்புறம், எழுதியவர் யார் என்று பாருங்கள். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த, பிரெஞ்சு பேசிய நார்மன்களின் எழுத்தர்களுக்குச் சில ஆங்கில ஒலிகள் வாயில் நுழையவில்லை. நாட்டிங்ஹாம் முதலில் 'ஸ்னோட்டிங்கஹாம்'; தொடக்கத்து 'ஸ்' அவர்கள் வந்த பிறகுதான் உதிர்ந்தது. ('ஸ்னாட்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் மூக்குச்சளி, அதனால் அந்த ஊருக்கு இதில் லாபம்தான்.)

பலரும் சறுக்குவது அடுத்ததில்: கிடைத்த பெயர் நம் ஊருடையதுதானா? எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி 'கிராண்டகேஸ்டிர்' என்ற பாழடைந்த சிறு நகரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், ஈலி மடத்தார் அங்கேதான் வெள்ளைப் பளிங்குச் சவப்பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார்களாம். கேட்க அப்படியே கிராண்ட்செஸ்டர். ஆனால் அவர் சொல்வது இன்றைய கேம்பிரிட்ஜை! கேம்பிரிட்ஜும் பழைய பதிவுகளில் 'கிராண்டபிரிட்ஜ்', அதாவது கிராண்டா ஆற்றுப் பாலம். பெயர் மெல்ல மெல்ல மாறி கேம்பிரிட்ஜ் ஆனதும், ஊரைப் பார்த்து ஆற்றுக்குக் கேம் என்று பெயர் வந்தது. ஆற்றால்தான் ஊருக்குப் பெயர் என்று எப்போதும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளூர் உச்சரிப்பையும் விட்டுவிடாதீர்கள். நார்ஃபோக் கடற்கரையில் ஹாப்பிஸ்பர்க் என்று எழுதும் கிராமத்தை 'ஹேஸ்பரோ' என்றுதான் சொல்வார்கள், அதற்கு எதிரே கடலில் இருக்கும் மணல்திட்டை வரைபடத்தில் பேச்சுக்கு நெருக்கமாகவே எழுதுகிறார்கள்.

கடைசியாக வரைபடம். 'ஹாம்' என்று முடிந்தால் வீடு, குடியிருப்பு என்றும் இருக்கலாம், ஆற்று வளைவுக்குள் இருக்கும் நிலம் என்றும் இருக்கலாம். பழைய எழுத்தில் 'ம்' இரட்டித்திருக்கிறதா, ஊருக்குப் பக்கத்தில் ஆறு வளைகிறதா என்று பாருங்கள்; அப்படி இருந்தால் ஆற்று வளைவு நிலம் என்ற பொருள் பக்கம் சாயலாம். ரெண்டும் உதவவில்லையென்றால் இரு பொருளையும் எழுதி வைத்துவிடுங்கள்.