உளுந்து காயும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள்: குளிர்காலத்தில் மொன்றியால் போய் இறங்குபவர்களுக்கு

கனடாவின் மொன்றியாலிலிருந்து மார்கழி விடுமுறைக்குக் கடலூர் வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் மஞ்சக்குப்பத்தில் இரண்டு வீட்டிலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டிலும் இதே பேச்சுதான். தை பிறந்ததும் பிள்ளை மொன்றியால் கிளம்புகிறான், அங்கே பனியில் எப்படிக் கார் ஓட்டுவான்? "ஈசிஆர்ல பன்னண்டு வருஷமா ஓட்டுறேன்ணா, பாத்துக்கலாம்" என்றான் ஒரு தம்பி. அந்தத் தைரியத்தைக் கேட்டுத்தான் எனக்குக் கவலை வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐஸ் படிந்த சாலை நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அறுவடை நேரத்தில் உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்திலேயே அடிபட விடுவார்கள். அதன்மேல் பைக்கில் போகும்போது என்ன செய்வீர்கள்? தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுவீர்கள். பிரேக்கைத் தொட மாட்டீர்கள், ஹேண்டில்பாரை வெடுக்கென்று திருப்ப மாட்டீர்கள், பிடித்த பிடியில் நேராகப் போவீர்கள். ஐஸில் கார் ஓட்டவும் அந்தக் கையும் காலும்தான் வேண்டும். என்ன, உளுந்து ஐம்பது அடியில் முடிந்துவிடும். அங்கே ஊர் முழுக்க அப்படி இருக்கும்.

வெள்ளையாகக் குவிந்திருக்கும் ஸ்னோ கண்ணுக்குத் தெரியும், நாமே பயந்து மெதுவாகப் போவோம். தெரியாமல் இருப்பது பிளாக் ஐஸ். கண்ணாடி மாதிரி மெல்லிய படலம். அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிவதால் வெறும் ஈரம் என்று நினைத்துவிடுவோம். மைனஸ் 20 டிகிரியை விட 0 டிகிரியை ஒட்டிய நாள்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் ஐஸின் மேல் லேசாகத் தண்ணீர் நிற்கும். பகலில் உருகி இரவில் மறுபடி உறையும் நாட்களில், விடியற்காலையில் ரொம்பக் கவனம் வேண்டும்.

அப்புறம் பாலங்கள். கெடிலம் பாலத்தை நினைத்துப் பாருங்கள், மேலேயும் காற்று, கீழேயும் காற்று. தரைச் சாலைக்கு அடியில் மண்ணின் சூடாவது இருக்கும், பாலத்துக்கு அதுவும் இல்லை. அதனால் சாலை ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்திருக்கும். மொன்றியால் ஒரு தீவு என்பதால் பலருக்குப் பாலம் ஏறாமல் நாள் போகாது. ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், பாலத்தின் மேல் பிரேக் போடாதீர்கள்.

சாலையில் உப்பு தூவுகிறார்களே என்பீர்கள். மரக்காணத்தில் குவித்து வைத்திருப்போமே, அதே சோடியம் குளோரைடுதான். தண்ணீர் உறையும் நிலையை அது கீழே இறக்கும். ஆனால் மைனஸ் 10-க்குக் கீழே போகப் போக அதன் வேலை மிகவும் குறைந்துவிடும். கடுங்குளிரில் உப்பை நம்பி வேகம் எடுக்காதீர்கள்.

முதல் வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி மாதம், விடியற்காலை, இறக்கமான தெரு. பிரெஞ்சில் 'அரே' என்று எழுதிய நிறுத்தப் பலகையைப் பார்த்து பிரேக்கை அழுத்தினேன். பெடல் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன், கார் சந்திப்பின் நடுவுக்கே வழுக்கிக்கொண்டு போய் நின்றது. குறுக்கே யாரும் வரவில்லை, பிழைத்தேன். அந்த அதிர்வு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். பெடல் அதிர்ந்தால் காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருங்கள். காரின் பின்பக்கம் ஒதுங்கினால் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை மெதுவாக அந்தப் பக்கம் திருப்புங்கள். கண் எங்கே போகிறதோ கையும் அங்கே போகும். ஒரு மூடிய கடையின் காலி வாகன நிறுத்தத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரை அருகில் உட்கார வைத்துப் பழகுங்கள். நான் அப்படித்தான் தெளிந்தேன்.

நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள கார் வாங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கிளம்புவதற்கு அது உதவும், நிற்பதற்கு உதவாது. நிறுத்துவது டயர்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும், விண்டர் டயர் மிருதுவாகவே இருக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். குளிரில் காற்றழுத்தமும் இறங்கும், மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் கண்ணாடி மட்டுமல்ல, கூரை, விளக்குகள் என்று முழுக் காரையும் துடையுங்கள். ஸ்னோவில் சிக்கி நின்றால் புகைக்குழாய் வாயை முதலில் தோண்டி விடுங்கள். அது அடைத்திருக்க இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது. குழந்தையின் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு சீட்டில் பெல்ட் போடுங்கள், மேலே போர்வை போர்த்தினால் போதும். ஜாக்கெட்டோடு போட்டால் மோதலில் அது அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும்.

தையில் போகிறவர்கள் பழைய கார்தான் வாங்குவீர்கள். விலை பேசும் முன் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ (ஸ்னோஃப்ளேக்). விண்டர் டயருக்கான அந்தச் சின்னம் நான்கு டயரிலும் இருக்க வேண்டும்.