200 மைக்ரோவினாடி கேட்டால் 200 வராது: நுண்மின் தூண்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990-இல் சால்ஸ்மன், பிரிட்டன், நியூசம் குழுவினர் குரங்கு மூளையின் எம்டி பகுதியில் (அசைவைக் கண்டறியும் பார்வைப் பகுதி) மெல்லிய மின்முனை வழியாக வெறும் 10 மைக்ரோஆம்பியர் செலுத்தி, திரையில் புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்ற குரங்கின் தீர்ப்பையே சாய வைத்தார்கள். இப்படி நுண்ணிய மின்னோட்டத்தால் நரம்புகளைத் தூண்டுவதுதான் நுண்மின் தூண்டல். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தோடு வேலை செய்யும்போது, கணினியில் தட்டிய எண்ணும் மூளைக்குள் போனதும் ஒன்றுதான் என்று நம்புவது ஆபத்து.

முதலில் நேரக் கணக்கு. டக்கர்-டேவிஸ் நிறுவனத்தின் டிஎஸ்பி (சிக்னலை உடனுக்குடன் கணக்கிடும் சிப்) கருவிகளில் வழக்கமான ஒரு சாம்பிள் வேகம் 24,414.0625 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு சாம்பிள், கருவி வெளியே அனுப்பும் அலையின் மிகச் சிறிய படி, 40.96 மைக்ரோவினாடி. 200 மைக்ரோவினாடி என்பது 4.88 சாம்பிள், அரை குறையாக எதுவும் வெளியே போகாது. ஒவ்வொரு பல்ஸிலும் மின்னோட்டம் ஒரு திசையில் ஒரு கட்டமும், அதைச் சமன்செய்ய எதிர்த்திசையில் இன்னொரு கட்டமும் ஓடும். ஒரு கட்டம் 0 முதல் 200 வரை, எதிர்க்கட்டம் 200 முதல் 400 வரை என்று எழுதிவிட்டு, நிரல் பின்னத்தை வெட்டிவிட்டால் முதல் கட்டத்துக்கு 4 சாம்பிள், இரண்டாவதற்கு 5. 10 மைக்ரோஆம்பியரில் ஒவ்வொரு பல்ஸுக்கும் சுமார் 0.41 நானோகூலோம் மின்னூட்டம் மிஞ்சும். 200 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 82 நானோஆம்பியர் நேர்மின்னோட்டம். மிஞ்சும் மின்னூட்டம் மின்முனையில் சேர்ந்துகொண்டே போனால் உலோகம் கரையும், சுற்றியுள்ள திசு கெடும். ஆகவே அகலத்தை மைக்ரோவினாடியில் கொடுக்காதீர்கள். இரண்டு கட்டங்களுக்கும் ஒரே சாம்பிள் எண்ணிக்கை கொடுங்கள். 5 சாம்பிள் என்றால் கட்டுரையில் 204.8 மைக்ரோவினாடி என்றே எழுதலாம், வெட்கமில்லை.

அடுத்தது மின்னழுத்தம். 300 கிலோஓம் மின்முனை வழியாக 100 மைக்ரோஆம்பியர் போக 30 வோல்ட் வேண்டும். தூண்டும் கருவியால் 12 வோல்ட்தான் தர முடியும் என்றால் அலையின் தலை வெட்டப்படும், ஆனால் மென்பொருள் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தொடரில் சிறு மின்தடை வைத்து ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். மின்முனைக்குப் பதில் வெறும் மின்தடையை மாட்டிச் சோதித்தால் போதாது. மின்தேக்கியும் தொடரில் இருந்தால்தான் நிஜ மின்முனைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும்.

பலரும் மறப்பது, நிரல் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பது. டிஎஸ்பி சிப் நின்றாலும் பல டிஏசி-க்கள் (எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப்கள்) கடைசி மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். பல்ஸின் நடுவே நின்றதென்றால் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தும்போது பூஜ்ஜியத்தை எழுதும் வழியும், மின்முனையைத் தனியே துண்டிக்கும் ரிலேவும் இரண்டும் தேவை. பூஜ்ஜியம் எழுதினாலும் டிஏசி-யில் சிறு ஆஃப்செட் (பூஜ்ஜியத்திலிருந்து விலகல்) இருக்கும் என்பதால், பல்ஸ்களுக்கு இடையே மின்முனையைத் தரையோடு இணைப்பது நல்லது.

அப்புறம் ட்ரிகர், அதாவது பல்ஸைத் தொடங்க வைக்கும் சைகை. விண்டோஸ் கணினி நிரலிலிருந்து ஒவ்வொரு பல்ஸையும் அனுப்பினால் சில மில்லிவினாடி அங்கும் இங்கும் தள்ளாடும். கணினி “தொடங்கு” என்று மட்டும் சொல்லட்டும், எண்ணிக்கையை டிஎஸ்பி பார்த்துக்கொள்ளும். தொடங்கிய நேரத்தையும் அதே கடிகாரத்தில், நரம்புப் பதிவோடு சேர்த்துப் பதியுங்கள். பின்னால் இரண்டு கோப்புகளை ஒட்டவைக்கும் தலைவலி மிச்சம்.