இஞ்சிப்பியரும் கள்ளு வினாகிரியும் செய்யிறாக்களுக்கு: பிஎச் மீற்றரைச் சரிப்படுத்திப் பாவிக்கிற முறை

வன்னியில ஒரு ஊரில இருந்து அடுத்த ஊருக்குப் போனாலே கிணத்துத் தண்ணி மாறிடும், ஒரு வீட்டுக் கேத்திலுக்க வெள்ளையாக் கல்லுப் படியும், இன்னொரு வீட்டில ஒண்டுமே படியாது. அதால "லீற்றருக்கு ஒரு தேசிக்காய்" எண்டு ஆர் சொன்னாலும் அந்த அளவு உங்கட கிணத்துக்குச் சரிவரும் எண்டு நம்பேலாது. கல்லுப் படியிற தண்ணியில கரைஞ்சு கிடக்கிற இருகாபனேற்று தேசிக்காய்ப் புளியில ஒரு பங்கைத் தின்டு முடிச்சிடும். புளி எவ்வளவு மிஞ்சியிருக்கெண்டு நாக்குக்கும் தெரியாது, ஏனெண்டா சீனி அதை மறைச்சுப்போடும். அதுக்குத்தான் புளிப்பை எண்ணில காட்டுற பிஎச் மீற்றர்.

இலங்கையில அனுமதிப்பத்திரம் இல்லாம மதுபானம் வடிக்கேலாது, அதால இதில நான் சொல்லுறது வீட்டு இஞ்சிப்பியருக்கும் தவறணையில வாங்கின கள்ளில வைக்கிற வினாகிரிக்கும் தான். கனடா, லண்டனில இருந்து மோல்ற் (முளைக்க வச்சுக் காயவிட்ட பார்லி) போட்டுப் பியர் காச்சிற எங்கட ஆக்களுக்கும் மீற்றர் வேலை இதே மாதிரித்தான். சொல்லப்போனா 1909ல பிஎச் எண்ட அளவையே கொண்டுவந்த சோரன்சன் வேலை செய்தது கோப்பன்ஹேகனில கால்ஸ்பேர்க் பியர்க் கொம்பனியின்ர ஆய்வுகூடத்தில, பிறகு 1934ல அமெரிக்காவில பெக்மன் எண்டவர் மீற்றர் செய்து குடுத்தது எலுமிச்சஞ்சாறு அளக்க. ஆக இந்தச் சாமான் பிறந்ததே எங்கட வேலைக்கு எண்டு தான் நான் நினைக்கிறன்.

பிஎச் 7 எண்டா நடு, கீழ போகப் போகப் புளி, மேல போகப் போகக் காரம். ஒரு எண் இறங்கினா புளி பத்து மடங்கு கூடுது, 4க்கும் 5க்கும் இடையில சின்ன வித்தியாசம் எண்டு நினைக்காதேங்கோ. முக்கியமா 4.6 எண்ட எண்ணை மனசில வையுங்கோ, போட்டுலிசம் எண்ட நோயைக் குடுக்கிற நஞ்சை உண்டாக்கிற கிருமி அதுக்குக் கீழ வளராது. மூடி இறுக்கிற போத்திலுக்க வைக்கிற எதுக்கும் இந்தக் கணக்கு வேணும்.

வாங்க வேண்டியது

பேனை மாதிரி இருக்கிற சின்ன மீற்றர் காணும், ஆனா 0.01 வரைக்கும் காட்டுறதா, வெப்பத்துக்குத் தானாச் சரிக்கட்டுறதா (பெட்டியில ஏரிசி எண்டு போட்டிருக்கும்) பாத்து எடுங்கோ. அதோட 4.01, 6.86 பஃபர் பவுடர் பக்கற், கரைச்சா பிஎச் எண் முதலே தெரிஞ்ச கரைசல் வரும், அதை வச்சுத்தான் மீற்றரைச் சரிப்படுத்துறது, உயர்தரத்தில கெமிஸ்ட்ரி படிச்சாக்களுக்கு இது தாங்கற் கரைசல். 9.18 பக்கற்றும் சேர்ந்து வரும், எங்கட சாமான் எல்லாம் புளிப்பக்கம், அதால அது தேவைப்படாது. எலெக்ரோட்டை (மீற்றரின்ர நுனியில அளக்கிற பகுதி) ஊறப்போட பொற்றாசியம் குளோரைட் கரைசல் ஒரு சின்னப் போத்தில். காய்ச்சி வடிச்ச தண்ணி பெற்றோல் செட்டில பற்றறிக்கு விடுறது எண்டு விக்கிறாங்கள், அது காணும், ஆனா பற்றறி அசிட் வேற, லேபிளை வாசிச்சு வாங்குங்கோ.

சரிப்படுத்துறது

இதை ஆறுதலா வாசியுங்கோ, கனபேர் மீற்றரை வாங்கின உடன தேசிக்காய்த் தண்ணிக்க விட்டுப்போட்டு அது காட்டுறதை நம்பிறாங்கள், சரிப்படுத்தாத மீற்றர் கையில இருக்கிறதை விட மீற்றரே இல்லாம இருக்கிறது நல்லது, ஏனெண்டா இல்லாதவன் கவனமா இருப்பான்.

முதல்ல எலெக்ரோட்டை ஊற வையுங்கோ. நுனியில இருக்கிற மெல்லிசான கண்ணாடிக் குமிழ் ஈரமா இருந்தாத்தான் வேலை செய்யும், புதுசா வந்ததையும் காய்ஞ்சு போனதையும் பொற்றாசியம் குளோரைட்டுக்க ஒரு இரவு விடுங்கோ. வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணிக்க மட்டும் ஊறப்போட வேண்டாம், உள்ளுக்க இருக்கிற உப்பு வெளியால போயிடும்.

அடுத்த நாள் பக்கற்றில போட்டிருக்கிற அளவுக்கு, அனேகமா 250 மில்லிலீற்றர், காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒவ்வொரு பவுடரையும் வேற வேற போத்திலில கரையுங்கோ. போத்திலில எண்ணையும் திகதியையும் எழுதுங்கோ. அதில கொஞ்சத்தைச் சின்னக் கிளாசுக்க ஊத்தித்தான் அளக்கிறது, அளந்ததைத் திருப்பிப் போத்திலுக்க ஊத்தவே கூடாது.

இனி மீற்றரைக் காய்ச்சி வடிச்ச தண்ணியால கழுவி, ரிஷூவால ஒத்தி எடுங்கோ. தேய்க்கக் கூடாது, தேய்ச்சா கண்ணாடியில மின்னேற்றம் வந்து எண் ஆடும், கீறலும் விழும். 6.86க்க விட்டு மெல்லமா ஒருக்காச் சுழட்டிப்போட்டு எண் நிக்கும் வரைக்கும் பொறுங்கோ, நிண்டாப் பிறகு தான் கலிபிரேஷன் பட்டனை அமத்திப் பிடிக்கிறது. சில மலிவு மீற்றருக்குப் பட்டன் இராது, பின்னால சின்ன ஸ்குரூ இருக்கும், அதைத் திருகி எண்ணைக் கொண்டு வரவேணும். திரும்பக் கழுவி, ஒத்தி, 4.01க்க விட்டு அதே வேலை. முடிஞ்சாப் பிறகு திருப்பி 6.86க்க விட்டுப் பாருங்கோ, 0.05க்குள்ள வந்தாச் சரி, வராட்டித் திரும்பச் செய்யுங்கோ.

எங்கட வெக்கையில ஒரு விஷயம். பக்கற்றில இருக்கிற எண்கள் 25 பாகைக்கு உரியது. 30 பாகையில 6.86 எண்டது 6.85 ஆகும், 4.01 பெரிசா அசையாது. பயப்பிட ஒண்டுமில்லை, ஆனா பிரிஜ்ஜுக்க இருந்து எடுத்த பஃபரைக் குளிரோட பாவிக்காதேங்கோ, பஃபரும் அளக்கிற சாமானும் ஒரே சூட்டில இருக்கட்டும். தானாச் சரிக்கட்டிற மீற்றர் எண்டாலும் அது எலெக்ரோட்டின்ர கணக்கை மட்டும் தான் திருத்தும், சூட்டால சாமானின்ர பிஎச்சே மாறுறதை அது திருத்தாது. மோல்ற் காச்சிறாக்கள் சொல்லுற 5.2இல இருந்து 5.6 வரையான அளவும் கொஞ்சம் எடுத்து ஆறவிட்ட சாம்பிளில பாக்கிறது தான், கொதிக்கிறதுக்க விட்டா எண்ணும் பிழை, எலெக்ரோட்டும் கெதியாப் போயிடும்.

செய்யிற நாளுக்கு நாள் சரிப்படுத்துங்கோ. பத்து நிமிஷ வேலை.

அளக்கிறது

இஞ்சியும் சீனியும் காச்சி ஆறவிட்டு, தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்கிக் கலக்கி அளவுங்கோ. நான் 4க்குக் கீழ கொண்டு வந்து நிப்பாட்டிப்போட்டுத்தான் நொதிக்க வைக்கிற ஈஸ்ற் விடுறனான். நீங்கள் எத்தனை தேசிக்காய் விட்டனீங்கள் எண்டு எழுதி வையுங்கோ, அது தான் உங்கட கிணத்தின்ர அளவு, மாரிக்குக் கிணறு நிரம்பினா அதுவும் மாறும்.

நுரைச்சாப் பிறகு அளக்கிறதெண்டா ஒரு கிளாசில ஊத்தி ரெண்டு பாத்திரத்துக்க மாத்தி மாத்தி ஆத்தி வாயுவைக் கலையுங்கோ, காபனீரொட்சைட்டும் புளி தான், எண்ணைக் கீழ இழுத்துப்போடும், குமிழியும் கண்ணாடியில ஒட்டிக்கொண்டு ஆடவைக்கும்.

கள்ளு வினாகிரியாகேக்க எண் நாளுக்கு நாள் இறங்கிறது தெரியும், நல்லா வந்தது 3க்குக் கிட்டவோ அதுக்கும் கீழயோ நிக்கும். ஆனா பிஎச்சை வச்சு அசற்றிக்கமிலம் எத்தனை வீதம் எண்டு சொல்லேலாது, அதுக்கு நியமிப்பு, அதாவது அளவு தெரிஞ்ச காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் புளியைச் சமப்படுத்திக் கணக்குப் பாக்கிற வேலை, செய்யவேணும். ஊறுகாய் போடுறாக்கள் இந்த ரெண்டையும் ஒண்டெண்டு குழப்பாதேங்கோ. சுண்ணாம்பு பூசின முட்டியில இறக்கின கருப்பணியையும் ஒருக்கா அளந்து பாருங்கோ, 7க்கு மேல நிக்கும், அது ஏன் புளிக்கேல்லை எண்டு எண்ணே சொல்லும்.

கழுவி வைக்கிறது, பழுதாப் போனா

அளந்து முடிய உடன கழுவுங்கோ, சீனி காஞ்சு ஒட்டினாக் கஷ்டம். வழுவழுப்பா இருந்தா இளஞ்சூட்டுத் தண்ணியில ரெண்டு துளி பாத்திரம் கழுவிற லிக்விட், கல்லுப் படிஞ்சிருந்தா வினாகிரிக்க கொஞ்ச நேரம், பிறகு திரும்ப ஊறவிட்டுச் சரிப்படுத்திப் பாவிக்கலாம்.

எதுக்க விட்டாலும் 7க்குக் கிட்டவே நிண்டா கண்ணாடி வெடிச்சிட்டுது, மாத்துறது தான் வழி. எண் நிக்கக் கனநேரம் எடுத்தாலும், சரிப்படுத்தியும் 4.01 பிடிபடாட்டியும் எலெக்ரோட் வயசு போட்டுது, நல்லா வச்சிருந்தாலும் ஒண்டு ரெண்டு வருஷம் தான் அதின்ர காலம். எலெக்ரோட் மட்டும் கழட்டி மாத்தக்கூடிய மொடல் எடுத்தா அந்த நேரம் காசு மிச்சம். சோளகம் வீசேக்க மூடிக்குள்ள விட்ட கரைசல் கெதியாக் காய்ஞ்சிடும், அந்த மாதங்களில கிழமைக்கு ஒருக்காத் திறந்து பாத்து, குமிழ் மூடக்கூடிய அளவுக்குப் பொற்றாசியம் குளோரைட் விட்டு மூடி, அடுப்படி வெக்கை படாத இடமா நிமித்தி வையுங்கோ.