சென்னை – லண்டன்: பயண நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. டிக்கெட் போடும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களும், முதல்முறை வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளும் தூரத்திலும் நேரத்திலும் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் இவை.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

சென்னையிலிருந்து லண்டனின் ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கு மிகக் குறுகிய வான்வழி சுமார் 8,200 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஒன்பது மணி நேரம் வரும். ஆனால் நேரடி விமானமே பத்தரை, பதினோரு மணி நேரம் எடுக்கும். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, ஏறி இறங்குவது, மூடிய வான்வெளியைச் சுற்றிப் போவது, எதிர்க்காற்று எல்லாம் அதில் சேரும். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறையும். 2016-ல் ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் வழியாக ஓட்டியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, பின்காற்று கிடைத்ததால் நேரமோ குறைந்தது.

வரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழிப்பது

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால்.

லண்டன் என்றால் ஒரே ஏர்போர்ட் என்று நினைப்பது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

எடின்பரோவில் படிக்கச் சேர்ந்த ஒரு பையன். சென்னை–ஹீத்ரோ ஒரு டிக்கெட், லண்டன்–எடின்பரோ மலிவாகக் கிடைத்ததென்று தனி டிக்கெட். போட்டுக்கொடுத்தவர், "நடுவுல மூணு மணி நேரம் இருக்கு, தாராளம்" என்றிருக்கிறார். இரண்டாவது விமானம் கிளம்புவது லண்டனின் இன்னொரு ஏர்போர்ட்டான ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து என்பதை இருவருமே பார்க்கவில்லை. ஹீத்ரோ ஊருக்கு மேற்கே, ஸ்டான்ஸ்டெட் வடகிழக்கே. சாலை வழியில் நூறு கிலோமீட்டர் போல வரும்.

இமிக்ரேஷன் வரிசை, 23 கிலோ பெட்டிகள் இரண்டும் பெல்ட்டில் வரும்வரை காத்திருப்பு, அப்புறம் நெரிசலில் பஸ். மலிவு விமானங்களில் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பெரும்பாலும் 40 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அவன் போய்ச் சேர்ந்தபோது விமானம் தரையில்தான் நின்றது, கவுண்டரில் ஆள் இல்லை. "அண்ணே, மூணு மணி நேரம் போதும்னுதானே சொன்னாங்க?" என்று அங்கிருந்தே போன் செய்தான். என்ன பதில் சொல்வது? தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் விமானக்காரர்களுக்குப் பொறுப்பில்லை, இரண்டாவது நிறுவனமும் பணம் தராது. அன்றைக்கே எடுத்த புது டிக்கெட், மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு.

ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் பெட்டி எடின்பரோ வரை போயிருக்கும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனியாகத்தான் எடுப்பேன் என்றால் ஏர்போர்ட் குறியீட்டைப் பாருங்கள்: எல்எச்ஆர் ஹீத்ரோ, எஸ்டிஎன் ஸ்டான்ஸ்டெட், எல்ஜிடபிள்யூ கேட்விக். ஒரே ஏர்போர்ட் என்றால் நடுவில் ஐந்து மணி நேரம் விடுங்கள், வேறு ஏர்போர்ட் என்றால் ஏழெட்டு.

நள்ளிரவு தேதி

20-ஆம் தேதி 01:30 என்றால் 19-ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்.

மைல்

கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. தூரம் மைலில் இருந்தால் எந்த மைல் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.