ஆயிரம் கஜத்துக்கு ஸ்கோப் வாங்கும்போது

இங்கிலாந்தின் பிஸ்லியில் ஸ்டிக்கிள்டவுன் என்று ஒரு சுடுதளம் இருக்கிறது. 1200 கஜம் வரை சுடலாம். அங்கே, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பொருத்திய என் .308 (தோட்டாவின் குறுக்களவு, அங்குலத்தில்) ரைஃபிளைப் பார்த்ததும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" அதைக் கடைசியில் கேளுங்கள். ஸ்கோப்பின் மேலே இருக்கும் டரட், அதாவது குறியை ஏற்றி இறக்கும் திருகு, எவ்வளவு ஏறும், சொன்னபடி ஏறுமா என்பதுதான் முதல் கேள்வி.

100 கஜத்தில் ஜீரோ செய்த, அதாவது குறிவைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த .308-இல், 175 கிரெய்ன் எடையுள்ள தோட்டா 1000 கஜம் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 33 அடி இறங்கிவிடும். டரட் கணக்கில் அது சுமார் 38 எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 1 எம்.ஓ.ஏ. 100 கஜத்தில் 1.047 அங்குலம், 1000 கஜத்தில் அதைப்போல் பத்து மடங்கு.) பெட்டியில் 60 எம்.ஓ.ஏ. என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது மேலும் கீழும் சேர்த்து. நடுவிலிருந்து மேலே 30தான். எட்டு இடிக்கிறதா? ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டும் பட்டைக்கு ரெயில் என்று பெயர். 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள ரெயிலில் பொருத்தினால் 50 கிடைக்கும், சமாளிக்கலாம். 34 மி.மீ. குழாய் உள்ள ஸ்கோப்பில் பொதுவாக இந்த ஏற்றம் கூடுதல். குழாய் பருத்தால் வெளிச்சம் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த ஸ்கோப்பைப் பாருங்கள்.

அடுத்தது, டரட்டின் நேர்மை. இதற்குத் தோட்டா செலவழிக்க வேண்டாம். ஸ்கோப்பை அசையாமல் ஒரு பிடியில் இறுக்கி, சரியாக 100 கஜத்தில் பெரிய எண்கள் எழுதிய அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். டரட்டை 30 எம்.ஓ.ஏ. ஏற்றினால் குறுக்குக்கோடு அளவுகோலில் 31.4 அங்குலம் கீழே இறங்க வேண்டும். திருப்பிக் கொண்டுவந்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். இறங்கும்போது கோடு பக்கவாட்டில் நகர்ந்தால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. நேராக்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு அங்குலம் பிசகினால், 1000 கஜத்தில் அது பத்து அங்குலம். அப்புறம் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

டரட் கிளிக் மில்லா (அதுவும் ஒரு கோண அளவுதான்), எம்.ஓ.ஏ.வா என்பது அவரவர் பழக்கம். ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளான ரெட்டிக்கிளும் அதே அளவில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

ரெட்டிக்கிள் முதல் குவியத்தளமா, இரண்டாவதா? முதலாவதில் உருப்பெருக்கத்தோடு கோடும் பெரிதாகும், இரண்டாவதில் ஆகாது. தூரம் மாறிக்கொண்டே இருக்கும் இலக்குகளைச் சுடுகிறவருக்கு முதலாவது. எந்த உருப்பெருக்கத்திலும் கோடுகள் இலக்கில் காட்டும் அளவு மாறாது. என்னைப்போல் தெரிந்த தூரத்தில் காகிதத்தைச் சுடுகிறவருக்கு இரண்டாவதே போதும். கோடும் மெல்லிசாக இருக்கும், விலையும் குறையும்.

சரி, இப்போது உருப்பெருக்கம். 25 மடங்கு எனக்குத் தாராளம். வெயில் ஏறியதும் கானல் நெளியும். 40 மடங்கில் பார்த்தால் கானலும் 40 மடங்கு நெளியும். அப்போது 18க்கு இறக்கிவிடுவேன்.

கண் நகர்ந்தால் இலக்கின் மேல் கோடும் நகர்வதுதான் பாரலாக்ஸ். அதைச் சரிசெய்யும் திருகு கட்டாயம் வேண்டும். குறிவைத்தபடி தலையை லேசாக ஆட்டுங்கள். இலக்கின் மேல் கோடு நகராமல் நிற்கும் வரை திருகைத் திருப்புங்கள். திருகில் அச்சிட்ட தூரத்தை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.